அவளுக்காகப் போட்ட மேஜை

அந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. சும்மா சொல்லவில்லை, தையல் டேப்பை வைத்துக்கொண்டு மண்டியிட்டு நானே அளந்தது. தாம்பரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரு பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி, கடைசி அறை. எண்பதுகளின் பிற்பாதி. இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மர அலமாரி, ஒரே ஒரு மின்விசிறி. இரண்டு பேருக்கான அறைதான். நான் சேர்ந்த வருடம் என்னோடு இருக்க வேண்டிய பெண்ணுக்கு மூன்றாம் நாளே அம்மை போட்டது. ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. வேறு யாரையும் அங்கே போடவுமில்லை. ஒரு வருடம் முழுக்க இரண்டு கட்டிலுக்கும் நானே ராணி.

ராணியாவது மண்ணாவது. தனியாகக் கிடந்தேன், அவ்வளவுதான். அப்பாவுக்கு நாக்பூரில் வேலை, அம்மாவும் தம்பிகளும் அங்கேயே இருந்தார்கள். விடுதியில் முக்கால்வாசிப் பேர் செங்கல்பட்டு, மதுராந்தகம், வாலாஜாபாத் என்று கூப்பிடு தூரத்து ஊர்க்காரிகள். சனிக்கிழமை மதியம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் திங்கட்கிழமை காலையில்தான் வருவார்கள். அதுவரை அந்த மாடியில் நானும் காக்காய்களும்தான். மெஸ்ஸில் பரிமாறுகிற அம்மாவிடம் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்பது மட்டுமே இரண்டு நாளில் நான் வாய் திறந்து பேசிய பேச்சாக இருக்கும். எனக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். அந்த வாயை வைத்துக்கொண்டு பேச ஆளில்லாமல் கிடப்பது எப்படிப்பட்ட தண்டனை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குத்தான் சாமான்களை நகர்த்த ஆரம்பித்தேன். இந்த ஞாயிறு கட்டில் ஜன்னலோரம் போகும், அடுத்த ஞாயிறு சுவரோரம் வரும். செருப்புப் பெட்டி அட்டையில் கட்டில், மேஜை, அலமாரி எல்லாவற்றையும் அளவுப்படி வெட்டி வைத்திருந்தேன். கிராஃப் தாளில் அறையை வரைந்து, அதன் மேல் அந்த அட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். கீழ் மாடிக்காரிகள் "மேல பேய் கட்டில் இழுக்குது மேடம்" என்று வார்டனிடம் புகார் சொன்னார்கள். வார்டன் என்னைக் கூப்பிட்டு, படிக்கிற பிள்ளைக்கு இது என்ன வேலை என்று கேட்டார். வெளிச்சம் சரியாக விழவில்லை மேடம் என்றேன். பொய். வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் வருடம் காலேஜ் திறந்ததும் வார்டன் ஆள் அனுப்பினார், என் அறைக்கு ஒரு பெண் வந்திருப்பதாக. ஆண்களை மாடிக்கு விடமாட்டார்கள். கீழே வாசலில் ஒருவர் தோளில் டிரங்குப் பெட்டியோடு நின்றிருந்தார், அவர் முதுகுக்குப் பின்னால் பாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள். கோவளத்தைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் கூட தங்கப்போற பொண்ணா?"

"ஆமாங்க."

"எங்க குப்பத்துல பொண்ணுங்க பத்தாவது தாண்டுனதே கெடயாதும்மா. இது ஒண்ணு அடம் புடிச்சி வந்துகீது. நான் ஒரே பேச்சுதான் சொல்லிகீறேன். வருசக் கடைசில ஒரு பேப்பர் போச்சின்னாலும், பொட்டியக் கட்டிகினு வூட்டுக்கு வந்துடணும். அவ அத்த மவன் ரெடியா கீறான். நீ கொஞ்சம் பாத்துக்க."

பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடமாக என்னை யாரும் எதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.

ஆனால் முதல் ஒரு மாதம் அவளைக் கண்டாலே எரிச்சல்தான் வந்தது. ராணியம்மாவின் அரண்மனையில் பாதி போய்விட்டதல்லவா. அவளுக்குக் கட்டில் ஆகவில்லை. பாயை விரித்து என் கட்டிலுக்குக் கீழே, ஒட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் நான் காலை இறக்கினால் அவள் கையில்தான் மிதிப்பேன். "ஐயோ" என்று நான் கத்துவேன். மிதிபட்டவள் சிரிப்பாள்.

"அவ்ளோ பெரிய கட்டில் சும்மா கிடக்கு. அதுல படேண்டி."

"ஒயரத்துல தூக்கம் வரலக்கா. வூட்ல நாங்க அஞ்சி பேரும் வரிசையா தரைலதான். பக்கத்துல ஆள் மூச்சு கேட்டாதான் எனக்கு கண்ண மூடும்."

நான் இதற்கெல்லாம் உருகுகிற ஜாதி இல்லை என்று காட்டிக்கொண்டேன். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் எனக்கும் பழகிவிட்டது. கீழே ஒரு ஆள் மூச்சு விடுவது கேட்டது. தூக்கம் எனக்கும் நன்றாகவே வந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் மாறிப் போயின. அவள் மாதத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குப் போவாள். மற்ற ஞாயிறுகளில் மாடி முழுக்க நாங்கள் இரண்டே பேர். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மீனைப் பற்றிப் பேசுவாள். விலங்கியல் படிக்க வந்தவள். புத்தகத்தில் இருக்கிற பாதி மீனை அவளுக்கு முன்பே தெரியும், எது முள், எது குழம்புக்கு, எது குழந்தை பெற்றவளுக்கு என்று. லத்தீன் பெயர்தான் தெரியாது. "இவ்ளோ பெரிய பேரு வச்சா அது எப்டிக்கா வலையில வரும்?" என்பாள். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். காக்காய்கள் கூட அப்போது எனக்கு எதிரியாகத் தெரியவில்லை.

இப்போது அவள் படிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். அவள் தமிழ் மீடியத்தில் படித்தவள். காலை ஐந்து மணிக்குப் புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர்க் கைப்பிடிச் சுவர் வரை விடுவிடுவென்று நடை. நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். ஒவ்வொரு இங்கிலீஷ் வரியும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் வரும். சுவர் வந்ததும் திரும்புவாள், அதே வரியை மறுபடி சொல்வாள். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் படித்தார்களாம், வேப்பமரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவில். சாயங்காலமும் அதே கதைதான். வருடத்தின் முதல் டெஸ்டில் அவள் எல்லாப் பேப்பரிலும் பாஸ். பெரிய மார்க் இல்லை, ஐம்பதைச் சுற்றித்தான். ஆனால் பாஸ். அதை நான் அப்போதே சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

நான் பார்த்தது வேறு. கான்வென்டில் படித்த மூன்று பேர் எங்கள் மாடியில் இருந்தார்கள். அதில் ஒருத்தி ஒரு நாள் மெஸ்ஸில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்து, அவளுடைய ராகத்திலேயே தவளையின் குடலைப் பற்றி ஒப்பித்துக் காட்டினாள். மெஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுந்து அந்தக் கான்வென்டுக்காரியை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். பிறகு அறைக்கு வந்து இவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு ரோஷமே இல்லையாடி? இனிமே மாடிக்குப் போகாதே. ஒரு இடத்துல உட்கார்ந்து மனசுக்குள்ள படி. எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்க."

"மனசுக்குள்ள படிச்சா தூக்கம் வருதுக்கா."

"உனக்கு ஒழுங்கான இடம் இல்ல, அதான். நான் போட்டுத் தரேன் பாரு."

போட்டுத் தருவது என்று முடிவான பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியுமா? அந்த வாரமே வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பை மட்டம் போட்டுவிட்டு இரண்டு பேரும் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். அவளுக்குக் கொடுத்திருந்த விடுதி நாற்காலியின் பிரம்பு நடுவில் பிய்ந்து தொங்கியது. சந்தையில் பழைய சாமான் குவித்திருந்த வரிசையில், ஏதோ ஆபீஸிலிருந்து வந்த நிமிர்ந்த முதுகு வைத்த தேக்கு நாற்காலி ஒன்று கிடைத்தது. பச்சை மூடி போட்ட ஒரு மேஜை விளக்கும் கிடைத்தது. கடைக்காரர் ஒயரை ஒட்ட வைத்து எரிய விட்டுக் காட்டினார். "டாக்டரம்மா ஆயிடுவீங்க" என்று அவளிடம் சொன்னார். அவள் வெட்கப்பட்டு என் தோளுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலில் ஏறினோம். உள்ளே எள் விழ இடமில்லை. அவள் கதவோரத்தில் நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டாள், மடியில் விளக்கு. "ஏறுங்க ஏறுங்க, லேடீஸ் சீட்டு ஒண்ணுதான் கீது, அதுவும் ரிசர்வ்டு" என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூவினாள். பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மா "இன்னாடி இது, மாமியா வூட்டுக்குச் சீரா?" என்று கேட்டாள். "ஆமா ஆயா, எங்க அக்கா குடுக்கற சீரு" என்றாள் இவள். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரைக்கும் அந்தப் பெட்டியே சிரித்துக்கொண்டு வந்தது. அந்த மூன்று வருடத்தில் எனக்குச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அந்த நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். கிராஃப் தாள் வெளியே வந்தது. என் மேஜை ஜன்னலுக்குக் கீழே, அது நகராது. சீனியர் என்றால் சும்மாவா? என் கட்டில் தெற்குச் சுவரோரம். அவளுக்கு வடமேற்கு மூலை. கட்டிலை மேற்குச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் வடக்குச் சுவரைப் பார்த்தபடி மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் அலமாரியைக் குறுக்கே நிறுத்தினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அறைக்குள் ஒரு குட்டி அறை. கட்டிலிலிருந்து எழுந்தால் நாற்காலி, நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே சுவர், பக்கத்தில் அலமாரி. கண் வேறெங்கும் போகாது. நிற்க இடமுண்டு, நடக்க இடமில்லை. அதுவும் நான் அட்டையை வைத்து அளந்து செய்ததுதான்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் மறுப்பு சொன்னாள். தலையணையை நான் மேஜைப் பக்கமாக வைத்திருந்தேன், படுத்துக்கொண்டே விளக்கை அணைக்கலாம் என்று.

"அக்கா, இது வடக்கு."

"அதனால?"

"வடக்க தல வச்சி நான் படுக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

"இதெல்லாம் இன்னுமா பாக்கறே? ஸயன்ஸ் படிக்கிற பொண்ணு."

"ஸயன்ஸ் பகல்லக்கா."

எவ்வளவு பேசியும் அசையவில்லை. கடைசியில் தலையணையைத் தெற்குப் பக்கம் திருப்பினோம். அங்கே கதவு. யார் திறந்தாலும் அவள் தலைமாட்டுக் கட்டில் கம்பியில் இடிக்கும். பரவாயில்லைக்கா என்றாள். நானும் விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்ததில் எனக்குப் பெருமை வேறு. இதில் இன்னொரு தப்பும் செய்தேன். பிடிக்காததைச் சொல்ல இவளுக்கு வாய் இருக்கிறது, ஆகவே மற்றதெல்லாம் பிடித்துத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். சாமிக்கும் சாவுக்கும் பயந்து சொல்கிற வாய் வேறு, அக்காவிடம் சொல்கிற வாய் வேறு என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் பாயில் படுக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்தாள். காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். பச்சை மூடி விளக்கு, நிமிர்ந்த முதுகு, ஒரு சத்தம் கிடையாது. ஜன்னலோரத்தில் என் மேஜையிலிருந்து திரும்பினால் அலமாரிக்கு மேலே அவள் தலை உச்சி தெரியாது. ஆனால் பக்கவாட்டில் முழங்கையும், பக்கம் புரட்டுகிற கையும் தெரியும். அந்தக் கையைப் பார்த்துவிட்டு என் புத்தகத்துக்குத் திரும்புவேன். ரயில் போகும், மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் போகும், அறைக்குள் என்னோடு ஒரு ஆள் இருக்கிறாள். வேறு என்ன வேண்டும்? அந்த மாலைகளில் நான் நிறைவாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

மின்விசிறிக் காற்று அலமாரியைத் தாண்டி அவளிடம் போகாது என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. அவள் ஜாக்கெட் முதுகில் எப்போதும் ஈரமாக இருக்கும். காலையில் கண் சிவந்திருக்கும். கேட்டால் "நல்லா தூங்கினேங்க்கா" என்பாள். அரையாண்டில் இரண்டு பேப்பர் போயிற்று.

அன்றைக்கு நான் பயந்து போனேன். அவள் அப்பா சொன்ன பேச்சு காதில் ஒலித்தது. வருடக் கடைசியில் இதே மாதிரி ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள், நான் மறுபடி சாம்பார் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்காகப் பயந்தேனா எனக்காகப் பயந்தேனா என்று இப்போது பிரித்துப் பார்த்தால் எனக்காகத்தான் அதிகம். உடனே என்ன செய்தேன்? விளக்கை வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கத்துக்கு மாற்றினேன். அலமாரியை இன்னும் அரையடி உள்ளே தள்ளினேன். நேரத்தைக் கூட்டினேன். நாக்பூரிலிருந்து அம்மா அனுப்பிய பாதாமை ஊற வைத்துக் கொடுத்தேன். மேஜையை மட்டும் சந்தேகப்படவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மாடி காலியாக இருந்தது. நான் நூலகத்தில் மாலை வரை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவள், தலைவலி என்று மூன்று மணிக்கே திரும்பினேன். படியேறும்போதே சத்தம் கேட்டது. அந்த ராகம். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அலமாரியை ஓரமாக இழுத்துப் போட்டிருக்க வேண்டும், அவள் நடக்கிற காலடிச் சத்தம் சுவருக்குச் சுவர் கேட்டது. இரத்த ஓட்டத்தைப் பற்றிய பாடம். ஒரு வரி தடுக்கவில்லை. படத்தில் பாகம் குறிக்கிற வார்த்தைகளைக்கூட வரிசையாகச் சொன்னாள். ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடத்துக்குப் போனாள். நான் நின்றபடியே பத்துப் பதினைந்து நிமிடம் கேட்டிருப்பேன். அரையாண்டில் அவள் ஒரு வரியும் எழுத முடியாமல் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன பாடம் அது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது அடுத்த பொய். இவளுக்குப் பாடம் வாய் வழியாகவும் கால் வழியாகவும்தான் உள்ளே போகும், மேஜையில் உட்கார வைத்தால் கண் மட்டும்தான் ஓடும் என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. நட என்று விட்டுவிட்டால் இவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். காலையிலும் இருக்கமாட்டாள், சாயங்காலமும் இருக்கமாட்டாள். அந்த முழங்கையும் என் கண்ணில் படாது.

கதவைத் திறந்தேன். அவள் திருடி மாதிரி துள்ளி நின்றாள்.

"என்னடி இது, சந்தைக்கடையா? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லக்கா... கொஞ்சம் நடந்தா மண்டைல ஏறுமேன்னு..."

"மண்டையில ஏறணும்னா உட்காரணும். ஓடிக்கிட்டே படிச்சவ யாராவது டீச்சர் ஆகியிருக்காளா?"

அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. தெரிந்தேதான் அங்கே குத்தினேன்.

"சரிக்கா" என்றாள். அலமாரியைத் திரும்பத் தள்ள நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் அவளே பிடித்துக் கொடுத்தாள்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்தது. லீவுக்கு நான் நாக்பூர் போனேன், அவள் ஊருக்குப் போனாள். போகும்போது பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் போனாள், திரும்பி வரத்தானே போகிறோம் என்று. அந்த லீவு முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜூனில் நான்தான் முதலில் வந்தேன். அவளுடைய காலேஜ் பலகையில் ரிசல்ட் ஒட்டியிருந்தது, போய்ப் பார்த்தேன். மூன்று பேப்பர் போயிருந்தது. செப்டம்பரில் திரும்ப எழுதலாம் என்று கீழே டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று மாதம் மொட்டை மாடியில் நடக்க விட்டால் மூன்றையும் முடித்துவிடுவாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவள் அப்பாவிடம் எப்படியாவது பேசி அழைத்து வரச் சொல்லி எழுத வேண்டும் என்று இன்லாண்டு கூட வாங்கினேன்.

கடிதம் எழுதுவதற்குள் அவர்களே வந்துவிட்டார்கள், அவளும் அவள் அம்மாவும். அப்பா வர மறுத்துவிட்டாராம். மீனை விற்று முடித்துவிட்டு வந்த கையோடு, இடுப்பில் செருகிய சேலையோடு அந்த அம்மா படியேறி வந்தாள். அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஐய, எவ்ளோ ஷோக்கா கீது! மேஜ இன்னா, லைட்டு இன்னா, கட்டிலு இன்னா. கலெக்டரு ரூமாட்டம் வச்சிகீறியேம்மா. இது எல்லாம் நீ வாங்கிக் குடுத்ததா?"

நான் தலையாட்டினேன்.

அந்த அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "இப்டி ஒரு எடத்துல குந்த வச்சும் உனக்குப் படிப்பு ஏறல, பாரேன். வூட்ல எடம் இல்ல, சத்தம், அதான் படிக்க முடியலன்னு சொன்னியேடி ஸ்கூல்ல இருக்கசொல்லோ. இங்க இன்னாடி கொறச்சல்?"

அவள் தலை குனிந்திருந்தாள். "அக்கா எல்லாம் செஞ்சாங்கம்மா. எனக்குத்தான் மண்டைல ஏறல."

காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா என்னை நடக்க விடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தோன்றக்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாசனையும் ஈரமுமாக, சொரசொரப்பான கை.

"நீ படிச்ச பொண்ணு. ஒரு வருசம் கூடவே இருந்து பாத்துகீற. அவங்கப்பன் வேணாம்னுட்டான். ஆனா நான் சொன்னா கேப்பான். இன்னாவோ செப்டம்பர்ல திரும்ப எழுதலாம்னு வேற சொல்றாங்க. நீயே சொல்லும்மா. இதுக்குப் படிப்பு வருமா, வராதா? நீ வரும்னு ஒரு வார்த்த சொல்லு, நான் அந்தாளு கால்ல வுழுந்தாவது அனுப்பறேன்."

வரும் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஒரே வார்த்தை. ஆனால் வரும் என்றால் பிறகு ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், கலெக்டர் ரூம் என்று வாய் நிறையச் சொன்ன அந்த அம்மாவிடம், இவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க. பிப்ரவரியில் கதவுக்கு வெளியே நின்றதைச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகும் உட்கார வைத்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரொம்ப முயற்சி பண்ணினாம்மா" என்றேன். "நிஜமாவே. ரொம்பக் கஷ்டப்பட்டு முயற்சி பண்ணினா."

நல்ல வார்த்தைதான், இல்லையா? யாரும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அந்த அம்மா என் கையை மெதுவாக விட்டாள்.

"அவ்ளோ முயற்சி பண்ணியும் வரலன்னா அப்புறம் இன்னாம்மா கீது" என்றாள். குரலில் கோபமில்லை. என் தாடையைத் தொட்டு, "உன்னாட்டம் ஒரு அக்கா கெடைக்க இது குடுத்து வச்சிகீது" என்றும் சொன்னாள்.

அவள் அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முறைத்துப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அழுதிருந்தால்கூட எல்லாவற்றையும் கொட்டியிருப்பேனோ என்னவோ. அவள் கண்ணில் அது எதுவும் இல்லை. தன் தலையில் கோளாறு இல்லை, வேறெங்கேயோ ஏதோ சரியில்லை என்று அதுவரை அவளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் நடந்து நடந்து படித்துப் பார்த்திருப்பாள், பாடம் ஏறியிருக்கும், அதனால்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு என்னிடம் கேட்க வந்திருக்கிறாள். இப்போது அக்காவே சொல்லிவிட்டாள். அவள் என்னை நம்பினாள்.

குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"சரிம்மா, புடி. போலாம்" என்றாள்.